மருத்துவிச்சி மாமியின் கல்

கொழும்பில் ஒரு பூங்காவின் நடுவே நீரூற்று. அதன்மேல், இடுப்புக்கு மேலே துணியில்லாமல், குடத்தைச் சாய்த்தபடி ஒரு பெண் சிலை. போன வருடம் அங்கே போனபோது என் ஏழு வயது மகள் அண்ணாந்து பார்த்து, "உம்மா, இவவுக்குக் குளிராதா? பேரென்ன?" என்றாள். பீடத்தைச் சுற்றிவந்து தேடினேன். பெயர் இல்லை. சிலையை அன்பளிப்புச் செய்த கனவானின் பெயர்தான் பெரிதாக இருந்தது. சற்றுத் தள்ளி நின்ற வெள்ளைக்காரத் துரையின் சிலைக்கோ பெயர், பட்டம், பிறந்த ஊர்வரை எழுதியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய கோபம் ஊரில் காத்திருந்தது. கல்முனைக்குத் தெற்கே எங்கள் ஊரில் சிலை வைப்பதில்லை. மார்க்கம் அனுமதிக்காது, அதில் எனக்கு வருத்தமுமில்லை. அந்த மழைக்காலத்தில் மௌத்தான மருத்துவிச்சி மாமிக்காகப் புதிய பிரசவ விடுதி வாசலில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். ஊரில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். என் மகளும்தான். அவள் பிறந்த அன்று, வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாத வெள்ளத்தில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் வந்தார். வந்ததும், டீச்சரான என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல அந்தக் கத்துக் கத்துவாய், இப்ப கத்தன் புள்ள!" என்றார். வலியிலும் சிரித்துவிட்டேன்.

கல்லில் அவர் பெயர் இல்லை. இன்ன ஹாஜியாரின் மனைவி என்று வெட்டியிருந்தது. அந்த ஹாஜியார், பிள்ளையில்லை என்று மாமியைத் தலாக் சொல்லிவிட்டு, பொத்துவிலில் வேறு கலியாணம் முடித்து இருபது வருடமாகிறது! என் மகளையும் ஒருநாள் இப்படித்தான் எழுதுவார்களோ? அவளையும் இழுத்துக்கொண்டு, கல்லை நட்ட ஊர்ச் சபையின் தலைவரிடம் போனேன்.

"பொம்புளைட பேர றோட்டுல எழுதி வைக்க ஏலுமா டீச்சர்? போற வாற ஆம்புளையெல்லாம் வாசிப்பானுகளே."

"உங்கட நாலு புள்ளையையும் அவதானே ஏந்தினா? உட்டுட்டுப் போன மனிசன்ட பேர் மட்டும் றோட்டுல நிக்கலாமா?"

அவர் மேசைமேல் கிடந்த காகிதத்தை இழுத்தார். பிறகு பென்சிலை எடுத்தார். "சரி, மாத்துவம். சொல்லுங்க, மாமிட பேர் என்ன?"

வாயைத் திறந்தேன். மாமி, மருத்துவிச்சி மாமி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் உயிரையும் பிள்ளையின் உயிரையும் காத்தவரிடம் பெயரை ஒருநாளும் நான் கேட்டதில்லை. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிய பெண்களிடமும் கேட்டுவிட்டேன். அவர்களுக்கும் மாமிதான். கூடப்பிறந்தவர்கள் முன்பே போய்விட்டார்கள்; அவரது பத்திரங்களும் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. அந்தப் பெயரைச் சொல்லி அவரை அழைத்த ஒரே ஒருவர்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

நாளைக் காலை பொத்துவில் பஸ்ஸில் போகிறேன். அந்த மனிதரின் வாசலில் நின்று, அவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.