சுவரோட போதும்ங்க

என் மனைவி பக்கவாதத்தில் விழுந்த வருடம், சித்திரை பிறப்பதற்கு முன்பே வெயில் பிறந்துவிட்டது. வலது பக்கம் முழுக்க விளங்கவில்லை. பேச்சு குழறியது. வீட்டின் வடக்கு அறையில், சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே, ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தாள். பகல் பதினொரு மணிக்கெல்லாம் அந்த ஷீட் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல். வேர்வை ஊறி ஊறி இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்துவிட்டது. தஞ்சாவூர் டாக்டர் மருந்தெல்லாம் எழுதிவிட்டு, "ரூமைக் குளிர்ச்சியா வச்சுக்குங்க சார். வேர்வை தங்கினா இந்தப் புண் ஆறாது. உள்ள எறங்கிடுச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல" என்றார். மறுநாளே மன்னார்குடிக்குப் போய் ஏசி வாங்கி வந்தேன். ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் அடித்தேன். ஏசி வாங்கினால் அறை குளிர்ந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்கு முட்டாளாக இருந்திருக்கிறேன், முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன்.

மாட்ட வந்தவர் அதிராம்பட்டினத்துக்காரர். பாய் என்றே கூப்பிட்டேன். என் வயதில் பாதிக்கு மேல் இருக்கும். வந்ததும் பெட்டியைப் பிரிப்பார் என்று பார்த்தால், வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். சுத்தியல் காம்பால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே ஒருத்தி வெந்துகொண்டிருக்கிறாள், இந்த மனுஷன் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

வீட்டின் முன்பாதி அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். வாசல் சன்ஷேடை அவர் தட்டக்கூட இல்லை.

"இதுல காக்கா உக்காந்தாலே எனக்குப் பயமா இருக்கு. ஏசிக்கு வெளிய நிக்கிற அவுட்டோர் பெட்டியை வச்சா, யாராச்சும் வாசல்ல நிக்கிறப்பத் தலையில எறங்கிடும்."

"மாடியில?"

"இந்த மாடியில நானே ஏற மாட்டேன் சார்."

கிழக்கிலும் மேற்கிலும் பங்காளிகளின் வீடுகள். நடுவில் ஒரு முழச் சந்து. அங்கே வைத்தால் வெளியே தள்ளும் சூடு போக வழியில்லாமல் திரும்பப் பெட்டிக்குள்ளேயே நுழையும், சீக்கிரமே மெஷின் போய்விடும் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப ரூமுக்குள்ளயே ஒரு மூலையில வச்சுட்டுப் போங்க பாய்."

"வெளிய தள்ள வேண்டிய சூட்டை உள்ளயே வச்சுக்கிட்டா அப்புறம் எதுக்கு சார் ஏசி? அடுப்பு வாங்கியிருக்கலாமே!" என்று சிரித்தார்.

கடைசியாக வடக்குச் சுவர். அது நான் கட்டியது. சூளைச் செங்கல், ஒன்பதங்குலக் கனம். தட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதாங்க சுவரு! போல்ட்டு கல்லைக் கவ்விப் பிடிக்கும். குழாயும் நாலடிதான் வரும். அந்தத் தென்னைக்கு நேரா வராம இந்தப் பக்கம் தள்ளிட்டா, மட்டை விழாது, காய் விழாது. காத்து போறதுக்குத் தோப்பே இருக்கு." ஜன்னல் கம்பி வழியே டேப்பை வெளியே நீட்டி அளந்தார். "ஸ்டாண்டோட சேத்து சுவத்துலேர்ந்து ரெண்டடி வெளிய நிக்கும். ஆனா இந்த ஷீட்டு மேல ஏறி நின்னு மாட்ட முடியாது. உடைஞ்சா அம்மா மேலதான் விழுவோம். பட்டுக்கோட்டையில எங்கூட வேலை பாத்தவரு ஒருத்தரு தொங்கிக்கிட்டே மாட்டுறேன்னு போயி, பெட்டியோட போயிட்டாரு. நான் தோப்புல சாரம் கட்டி, நின்னுதான் செய்வேன். தோப்பு யாரோடதுங்க?"

ரெண்டடி என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை.

வடக்கு அறை இருக்கும் இடத்தில்தான் என் அப்பாவின் குடிசை இருந்தது. அப்பா பண்ணையாள். குடிசை பண்ணையாரின் தென்னந்தோப்பு ஓரம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சிவப்புக் கொடி கட்டிய ஊர்களில் எல்லாம் அடிதடியும் கோர்ட்டுமாக இருந்த காலம். கழக ஆட்சி வந்து, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று சட்டம் போட்டது. சர்வேயர் சங்கிலியோடு எங்கள் தெருவுக்கு வந்தார். குடிசைக்கு எல்லை அதன் சுவர் இல்லை, கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடம். மழை பெய்தால் மண்ணில் வரிசையாகக் குழி விழுமே, அந்தக் கோடு. சுவரிலிருந்து இரண்டடி வெளியே இருக்கும். சர்வேயரே, "சொட்டு விழுற வரைக்கும் உன் மனைதான்ப்பா, காலை வச்சுக் காட்டு" என்றாராம். தெருவில் எல்லாரும் காலை வைத்துக் காட்டினார்கள். பண்ணையார் குடையோடு பக்கத்தில் நின்றாராம். என் அப்பா மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சுவரோட போதும்ங்க" என்றாராம்.

ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்த வார்த்தை அது. நான் சிரிக்கவில்லை. வடக்கு ஜன்னலின் கதவை வெளிப்பக்கம் திறக்க முடியாது. ஒரு கழிவுநீர்க் குழாய் விட முடியாது. ஒவ்வொரு தடவையும் அப்பாவின் மேல் பாய்வேன். "சர்க்கார் கூப்பிட்டுக் குடுத்ததை வாங்கிக்கத் தெரியல. கும்பிட்டே பழகின கை!" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் செத்த பிறகு, சொட்டு விழுந்த நிலம் எங்களுடையது, மறுபடி அளந்து கொடுங்கள் என்று தாலுகா ஆபீசில் மனுப் போட்டேன். வருடக் கணக்கில் கிடந்தது. ஆனாலும் உயிரோடு கிடந்தது.

தோப்பு இப்போது பண்ணையாரின் பேரனுடையது. நாற்பது வயது, கரை வேட்டி. "குடிசைக்காரனுக்குப் பட்டா கொடுத்தது எங்கள் ஆட்சி" என்று மேடையில் மைக் அதிரப் பேசுவான். அந்தச் சட்டம் வந்தபோது அவன் தாத்தா வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்ததை அறியாதவர்கள் கைதட்டுவார்கள். நான் போனதும் எழுந்து நின்றான். நாற்காலி போட்டான். அப்பா வாசலைத் தாண்டாத அந்த வீட்டில் எனக்குக் காப்பி வந்தது.

"சொல்லுங்க சார். அம்மாவுக்கு எப்படி இருக்குங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அட, இதுக்கெல்லாம் கேக்கணுமா? தாராளமா மாட்டிக்குங்க. சாரத்துக்கு மூங்கில்கூட நம்ம தோப்புலயே வெட்டிக்குங்க" என்றான். அப்புறம் தொண்டையைச் செருமினான். "ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க சார். பின்னாடி புள்ளைங்க காலத்துல சங்கடம் வேணாம் பாருங்க."

அவனே எழுதி நீட்டினான். என் மனை வடக்குச் சுவரோடு முடிகிறது. சுவருக்கு வெளியே எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை. அவனுடைய அனுமதியின் பேரில் பெட்டியை மாட்டுகிறேன்.

"அப்ப என் மனு?"

"அது எதுக்குங்க இன்னும்? எங்க தாத்தா உங்களுக்குக் கெடுதல் நெனச்சவரா? சின்னப் புள்ளையில நீங்க வாந்தி பேதியில கெடந்தப்ப வண்டி கட்டி மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனவரு. இல்லன்னா இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்திருப்பீங்களா?"

எல்லா வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டான். அந்த 'ங்க'வின் மேல் ஒரு செங்கல் வைக்க முடியுமா? இந்த வண்டிக் கதை எனக்குப் புளித்துப்போனது. நாலு வயதில் பிழைத்ததற்கு இந்த வயதிலும் கும்பிடு போடு என்றால் எப்படி? அம்மா சொன்னாள், ஊர் சொன்னது, இப்போது இவன். தாளைக் கிழித்துக் காப்பி டம்ளருக்குள் திணித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் பாய் காத்திருந்தார். "சன்ஷேடுலயே மாட்டுங்க. விழுந்தா என் தலையில விழட்டும்" என்றேன்.

"உங்க தலையிலதான் விழணும்னு அதுக்குத் தெரியுமா சார்? தபால் குடுக்க வர்றவர் தலையில விழுந்தா?" சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. என் கையால அதைச் செய்ய மாட்டேன். எடம் சரியானதும் போன் பண்ணுங்க, எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வர்றேன்."

ஏசி மாட்ட ஊரில் நீ ஒருத்தன்தானா என்று தெருவரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். ஆனால் வேறு யாரையும் கூப்பிடவில்லை. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது நாள் அப்படியே போயிற்று. அவுட்டோர் பெட்டி அட்டையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அதன் மேல் பஞ்சையும் களிம்பையும் வைத்துக்கொண்டேன். நல்ல மேசை. ஈரத் துணியை ஜன்னலில் கட்டினேன், அரைமணி நேரத்தில் காய்ந்தது. மின்விசிறி சூட்டை வாரி இறைத்தது. அவளைப் புரட்டிப் போடும்போதெல்லாம் அவள் அந்தப் பெட்டியைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். மானம் பெரிதில்லையா என்று அவளிடம் பிரசங்கம் செய்தேன். புண்ணுக்கு மானம் தெரியுமா? ஒன்பதாம் நாள் காலையில் துடைக்கும்போது பஞ்சில் வாடை மாறியிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகாமல் இருந்தாள். என் மேல் எனக்கே அருவருப்பாகிவிட்டது. கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"வாங்க சார்" என்றான், ஒன்றுமே நடக்காதது போல. "நீங்களே கைப்பட எழுதிடுங்க. உங்க எழுத்து முத்து முத்தா இருக்குமே."

எழுதினேன். ஒரு பிழையில்லாமல் எழுதினேன். அவன் நிதானமாகப் படித்துப் பார்த்து, "அப்ப சுவரு வரைக்கும்தான். சரிதானுங்களே சார்?" என்றான்.

"ஆமா தம்பி. சுவரோட போதும்ங்க" என்றேன்.

அந்த 'ங்க'வை நான் போடவில்லை. தானாக வந்தது. என் மகன் வயதுடையவனுக்கு முன்னால், என் வாயிலிருந்து, அப்பாவின் குரலிலேயே வந்தது. 

மறுநாள் காலையிலேயே பாய் வந்துவிட்டார். தோப்பில் சாரம் கட்டினார். இடுப்பில் கயிறு கட்டித் தென்னையில் முடிந்துகொண்டார். ஸ்டாண்டுக்கு நாலு போல்ட் இறக்கி முறுக்கி, பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் தன் முழுக் கனத்தையும் அதில் போட்டுத் தொங்கிப் பார்த்தார். "என்னைத் தாங்கினா இதைத் தாங்கும்" என்றார். பெட்டியின் காலுக்கு ரப்பர் வைத்தார். எர்த் கம்பி இல்லாமல் கரண்ட் கொடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, வாசல் பக்கம் பள்ளம் தோண்டி இறக்கினார். வடக்கே தோண்டலாமா என்று அவர் கேட்கவில்லை. மத்தியானம் பெட்டி ஓடத் தொடங்கியது. எங்கள் சூடெல்லாம் அவன் தோப்புக்குள் போயிற்று. அதிலாவது எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

அறை குளிர்ந்தது. மனைவியின் நெற்றியில் வேர்வை அடங்கியது. பல நாள் கழித்து அவள் முகம் சுருக்கம் விட்டது. இடது கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"என்ன... எழுதிக் குடுத்தீங்க?"

"அப்பா சொன்னதைத்தான். சுவரோட போதும்னு. அவரு புள்ளைதானே நான், ரோஷம் மட்டும் எங்கேர்ந்து வரும்?"

அவள் அப்படிச் சொல்லாதீங்க என்பதுபோல் கையை ஆட்டினாள். அவள் என் அத்தை மகள். அவள் அம்மா, அதாவது என் அப்பாவின் தங்கை, நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் குடிசையில்தான் இருந்தாள். மனைவி ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, இருந்தும் காத்திருந்தேன்.

"மாமாவைத் திட்டாதீங்க... அளக்க வந்த அன்னைக்குத்தான்... நீங்க பேதியில கெடந்தீங்க. காலையிலேர்ந்து மாமா பண்ணையில வண்டி கேட்டு நின்னாரு. அளந்து முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னாங்களாம்."

"யாரு சொன்னா?"

"எங்கம்மா. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிட்டாரு."

வண்டிக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டடிக் கதையையும் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே நாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாளாவது அப்பாவிடம், "ஏன்ப்பா அப்படிச் சொன்னே?" என்று உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கத்தத்தான் தெரிந்தது எனக்கு.

அப்பா சாவதற்கு முந்தின வாரம்கூட, இதே அறையில், இதே ஜன்னலைக் காட்டித் திட்டினேன். ரோஷம் கெட்ட மனுஷன் என்றேன். எழுந்து வெளியே போக அவருக்கு அப்போது தெம்பில்லை. படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டடியைக் கொடுத்து அவர் வாங்கி வந்தது, ஆறடிக்கு வளர்ந்து, எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தது.