காற்றுத் திருகு

தப்பு என்னுடையது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதி எழுத வரும். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது?

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஓடிய இஞ்சின்களில் பாதி என் கை பட்டவை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. இஞ்சினைப் பற்றி வேறு எவன் வாயைத் திறந்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

தங்கைக்கு அப்போது கல்யாணமாகி ஏழு மாதம். அப்பா இல்லாத வீடு. நான்தான் நாலு இடம் அலைந்து மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தேன். ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். மோட்டாரைப் பற்றி என்னிடம் எதைக் கேட்டாலும் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி தயங்கித் தயங்கித்தான் கேட்பார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏரித் தண்ணீரில் புழு பூச்சி பிடிப்பதற்கென்று கல்லூரியில் ஒரு பலகைப் படகும், ஏலத்தில் எடுத்த பழைய படகு மோட்டார் ஒன்றும் இருந்தன. திங்கட்கிழமை மாணவர்களைச் செம்பாக்கம் ஏரிக்கு அழைத்துப் போகவேண்டும், அதற்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் தேவலை என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கிளம்பினோம். படகும் மோட்டாரும் முந்தின நாளே மாட்டு வண்டியில் போய்விட்டன. பெட்ரோல் தொட்டி மட்டும் எங்களோடு வந்தது. சின்ன சூட்கேஸ் அளவு இருக்கும். அவர் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் கேரியரில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மழையில் ரோடு குண்டும் குழியுமாய்க் கிடந்தது. ஒவ்வொரு குழிக்கும் தொட்டியின் மூடியிலிருந்து பெட்ரோல் தெறித்தது. புது டெர்லின் பேண்ட் போட்டிருந்தேன். மூடியின் மேல் ஒரு குட்டித் திருகு இருந்தது. அதைக் கையாலேயே, இனித் திரும்பாது என்கிற வரைக்கும் இறுக்கினேன். தெறிப்பு நின்றது.

அது காற்றுக்காக வைத்த திருகு. தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று போகவேண்டும், இல்லாவிட்டால் இஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறாது. பம்ப்செட் தொட்டியின் மூடியில் எப்போதும் திறந்தே இருக்கிற ஒரு ஓட்டைதான் உண்டு, திருக வேண்டிய வேலையே இல்லை. அதனால் இறுக்கியதை அந்த நிமிஷமே மறந்துபோனேன்.

கார்த்திகை மாதம். ஏரி தளும்பி நின்றது. தெற்கே கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் ஆள் உயரத்துக்குக் கீழே கருங்கல்லில் விழுகிற இரைச்சல் கரை வரைக்கும் கேட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. அதை மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கம். துடுப்பு வாங்கி வரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதற்கு என்று எரிந்து விழுந்தேன். ஒரு மூங்கில் கழியை மட்டும் படகில் போட்டுக்கொண்டார். தொட்டி மூடியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். இருபது வருஷமாக மூடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது என்றேன். கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்து, "இன்னா சார், கலங்க பக்கம் போவாதீங்க. இஸ்துகினு பூடும்," என்றாள்.

மோட்டார், கயிறு இழுத்த இரண்டாவது இழுப்பிலேயே பற்றிக்கொண்டது. நடு ஏரியைத் தாண்டும்வரை ஜம்மென்று போனது. அப்புறம் இருமிற்று, அடங்கிற்று.

பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் இருக்கிறதா என்று தொட்டி மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப இறுக்கி மூடினேன். இஞ்சின் ஓடியது! பிளக்தான் கோளாறு என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். உண்மையில் மூடியைத் திறந்தபோது உள்ளே போன காற்றுதான் அதை ஓட்டியது. அந்தக் காற்று தீர்ந்ததும் மறுபடி நின்றது. இந்தத் தடவை கார்புரேட்டரைப் பிரித்தேன். துளி தண்ணீர் இல்லை, தூசி இல்லை. பெட்ரோல் வருகிற ஜெட் துளையை ஊதினேன். பூட்டி இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது கலங்கல் கிட்டே வந்திருந்தது.

படகு சும்மா நிற்பதுபோல்தான் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் தண்ணீரில் நின்ற கருவேல மரங்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. மாப்பிள்ளை கழியை ஊன்றினார். அது சேற்றில் மாட்டிக்கொண்டது. படகு நகர, கழி அவர் கையை விட்டுப் போய் அங்கேயே நட்டுக்கொண்டு நின்றது. ஸ்பேனரைக் கீழே போட்டேன். என் பேச்சைக் கேட்டு, நாலணா பெறாத மோட்டாரை நம்பி, தங்கை புருஷனைக் கொண்டுவந்து கல்லில் போடப்போகிறேனே என்று நினைத்தேன்.

அவர் சட்டையைக் கழற்றினார். படகுக் கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டார். எதிரே இருபது முழம் தள்ளி ஒரு கருவேல மரம் நின்றது. நீந்திப் போய் அதில் கட்டிவிட்டால் படகு நின்றுவிடும் என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் வேறு வழியாக என்னிடம் என்ன இருந்தது? குதித்துவிட்டார்.

நான் பைத்தியம் பிடித்தவனைப்போல் பெட்ரோல் குழாயின் நடுவே இருந்த ரப்பர் உருண்டையை அமுக்கினேன். பெட்ரோலை ஏற்றிவிடுவதற்கான உருண்டை அது. அமுக்கியது அமுக்கியபடியே சப்பையாக ஒட்டிக் கிடந்தது. உப்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியின் திருகைப் பிடித்துத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. ரப்பர் உருண்டை என் உள்ளங்கையிலேயே உப்பியது.

சந்தோஷப்படவா முடியும்? அந்த மோட்டாருக்குக் கியர் கிடையாது. பற்றிக்கொண்ட நொடியே தண்ணீருக்கு அடியில் விசிறி சுற்றும். தண்ணீரில் அவரும் இருக்கிறார், அவர் இடுப்பில் கயிறும் இருக்கிறது. திரும்பி வரச்சொல்லிக் கத்தினேன். கலங்கல் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். படகுதான் தன்னைப் பின்னுக்கு இழுக்கிறது என்று நினைத்து அவர் இன்னும் வேகமாகக் கைபோட்டார். நான் இழுக்க இழுக்க அவர் தலை தண்ணீருக்குள் போயிற்று. மேலே வந்தது, மறுபடி போயிற்று. அவர் கை இடுப்பு முடிச்சைத் தேடுவதைப் பார்த்தேன். அவிழ்த்துவிட்டால் போச்சு. கர்த்தரே, கர்த்தரே என்று அலறிக்கொண்டு கையில் தோல் உரிய உரிய இழுத்தேன். அவரைக் காப்பாற்றுகிறேனா, முக்கிச் சாகடிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வழியாகப் படகோரத்துக்கு வந்தார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே உருட்டினேன். தண்ணீராய்க் கக்கினார். மோட்டார் இரண்டாம் இழுப்பில் பிடித்தது. கலங்கல் கல் மேலே தண்ணீர் வழுக்கிப் போகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கிருந்து திருப்பினேன்.

அவர் படகின் அடியில் மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் பெட்ரோல் தொட்டி. மூடியில் அந்தத் திருகு நன்றாக மேலே துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு மாப்ளே," என்றேன்.

"இருக்கும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வீடு வரைக்கும் சைக்கிளை நான் மிதித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார். ஏரியில் பயந்ததைவிட அதிகமாக இப்போது தங்கைக்குப் பயந்தேன். வீட்டில் சொல்லிவிடுவாரோ, சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அவள் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஈரத்துணியையும் புருஷனின் இடுப்பில் கயிறு அறுத்த சிவப்புத் தடத்தையும் பார்த்துப் பதறிப்போனாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. மோட்டார் நின்னுடுச்சு. மச்சான் இல்லேன்னா நான் வீடு வந்திருக்க மாட்டேன்."

என் பொய்யை வார்த்தை மாறாமல் சொன்னார்.

தங்கை உட்கார்ந்து எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். பாதிக்கு மேல் அழுகைதான். இப்படி ஒரு அண்ணனைத் தனக்குக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். என் கையில் தோல் உரிந்த இடம் அவள் விரல் பட்டு எரிந்தது.

மாப்பிள்ளை "ஆமென்" என்றார். எனக்கு அது வாயில் வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கறித் துண்டை என் தட்டில்தான் போட்டாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடுங்க மச்சான், ஆறிடும்," என்றார் அவர்.

சாப்பிட்டேன்.