பொட்டு வைத்த மான்

எங்கள் தெருவில் துப்பாக்கி வாங்கிய ஒரே நெசவாளி என் சித்தப்பாதான். அதற்கு முன் அவர் பிடித்த ஆயுதம் ஒரு மரக்கத்தி. ஆண்டுதோறும் சூரசம்ஹாரத்தின்போது முருகன் படையின் நவவீரர்களில் ஒருவராக வேஷம் கட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டிய அந்தக் கத்தியைச் சுழற்றிக்கொண்டு வீதியில் போவார். சூரன் தலை விழுந்ததும் வீட்டுக்கு வருவார். மீசையை அழிக்கக்கூடப் பொறுமையில்லாமல், தறிக்குழியில் விழுந்து கிடக்கும் தவளையை முறத்தில் ஏந்திப்போய்க் கொல்லையில் விடுவார். எங்கள் வீடு சுத்த சைவம். ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. பட்டுக்காகக் கொதிநீரில் போகிற புழுக்களைப் பற்றி நான் கேட்டபோது, அது மைசூர்க்காரன் பாவம், நம்மிடம் நூலாகத்தானே வருகிறது என்று பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத் துப்பாக்கி வந்தது ஒரு பெண்ணால். ஆரணியில் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். எங்கள் இனந்தான், ஆனால் பெண்ணின் அப்பா எப்போதோ தறியை விட்டுவிட்டு ஜவ்வாது மலையில் மூங்கில் கான்ட்ராக்ட் எடுத்தவர். தறியோடு சைவத்தையும் விட்டுவிட்டார் என்று அம்மா பிறகு முணுமுணுத்தாள். கூடத்துச் சுவரில் மான்கொம்புகள் வரிசையாக இருந்தன. அப்போதெல்லாம் காட்டு இலாகாவில் பர்மிட் வாங்கிக்கொண்டு மான் சுடுவது சட்டப்படியே நடந்த காரியம். பெண் வந்து நமஸ்காரம் செய்தார். என் பாவாடையில் கொட்டிய பாயசத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். எனக்கு அப்போதே அவர் சித்தி ஆகிவிட்டார். சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வடையை எடுத்துக் காபியில் தோய்த்தார்.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் பெண்ணின் அப்பாவான ஆரணிக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"சொந்தத் துப்பாக்கியோட மலைக்கு வாங்க மாப்ளே. ஒரு மானை நீங்களே சுட்டு எடுத்துக்கினு வாங்க. அப்பால நாள் குறிப்போம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா வேறு இடம் பார்க்கலாம் என்றாள், அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். அதுவரை எந்த விஷயத்திலும் தனக்கென்று ஓர் அபிப்பிராயம் வைத்திராத சித்தப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு, "துப்பாக்கியே வாங்கிடலாம்ணா" என்றார்.

லைசென்ஸுக்கு மனுப் போட்டார்கள். முசரவாக்கத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. வேர்க்கடலையைப் பன்றி தோண்டுகிறது என்று காரணம் எழுதினார்கள். பன்றி தோண்டியதென்னவோ உண்மைதான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் தறியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடமே, மனுப் போட்ட ஆள் எங்கே என்று கேட்டார். இவர்தான் என்றபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் லைசென்ஸ் வந்துவிட்டது.

துப்பாக்கி வாங்க மெட்ராசுக்குப் பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று பேர் கிளம்பினார்கள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாதென்று அம்மா என்னையும் அவசரமாகத் தலைவாரி நாலாவது ஆளாக அனுப்பினாள். மவுண்ட் ரோடில் ஒரு கடை. சுவர் நெடுகத் துப்பாக்கிகள் சாய்ந்து நின்றன. கடைக்காரர் பொறுமைசாலி. எதற்கு வேண்டும் என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்று பெரியப்பா சொன்னார்.

மான் என்று புரிந்துகொண்டதும், அவர் ரவைத் துப்பாக்கிகளை ஒதுக்கிவிட்டு மூன்று ரைஃபிள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரவை பறவைக்கும் பக்கத்தில் இருப்பதற்கும் சரி, தூரத்தில் நிற்கிற மானுக்கு ஒற்றைக் குண்டு போடும் ரைஃபிள்தான் வேண்டும் என்று விளக்கினார். பெரியப்பா புடவை வாங்க வந்தவர்போல ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டையின்மேல் நகத்தால் கீறிப் பார்த்தார். முகர்ந்தார். இரும்பின் நீலக் கறுப்பைக் காட்டி, சாயம் போகுமா என்று கேட்டார். போகாது, எண்ணெய் மட்டும் போட வேண்டும் என்று கடைக்காரர் முகம் மாறாமல் பதில் சொன்னார். ஒன்று சித்தப்பாவுக்குக் கனமாக இருந்தது. இன்னொன்று தோளில் பொருந்தவில்லை. மூன்றாவதைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்து வைத்தபோது அவர் முகம் அமைதியாகிவிட்டது. கட்டை கைக்கு அடங்குகிறது, இதுவே போதும் என்றார்.

பிறகுதான் தூரக்கண்ணாடி. ரைஃபிளின் முதுகில் பொருத்துகிற ஒரு குழாய் அது. ஊருக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரை ஒருவர் விட்டுச்சென்றது என்றார் கடைக்காரர். உள்ளே பாவும் ஊடையும்போல இரண்டு இழைகள் குறுக்கே ஓடும், அவை சந்திக்கிற இடத்தில்தான் குண்டு போகும் என்று சொல்லி, குழாயை மட்டும் சித்தப்பா கையில் கொடுத்து வெளியே பார்க்கச் சொன்னார். சித்தப்பா வாசலில் நின்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பஸ்ஸுக்கு நிக்குதே அந்தம்மா, அது கட்டிக்கினு இருக்கறது நம்ம தெரு புடவைண்ணா" என்றார் சித்தப்பா. "கோர்வை லேசா எறங்கியிருக்குது பாரு. எதிர்வூட்டுக்காரரு கைவேலை."

பெரியப்பா குழாயைப் பிடுங்கிப் பார்த்தார். கரையும் உடலும் சேருகிற கோர்வை இறங்கித்தான் இருந்தது. அந்தக் கணமே பேரம் முடிந்தது. இதில் பார்க்கிறவர்கள் எல்லாரும் எவ்வளவு தூரம் கொல்லும் என்றுதான் கேட்பார்கள், யார் நெய்தது என்று சொன்னவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கடைக்காரர் வியந்தார். நாங்கள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

முசரவாக்கத்து நிலத்தில் கிணற்று மேட்டை ஒட்டி மண்சட்டிகளை அடுக்கிச் சித்தப்பா பழகினார். முதல் நாள் தோள்பட்டை கன்றிப்போய் அம்மா பற்றுப் போட்டாள். சட்டிகள் சேதமில்லாமல் திரும்பி வந்தன. ஆனால் இழை அறுந்தால் இருட்டிலும் முடிச்சுப் போடுகிற கண்ணும் கையும் அவருடையவை. போகப்போகச் சட்டிகள் குறைந்தன. கடைசியில் அப்பா கிணற்று மேட்டில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தார். சித்தப்பா அதையும் உடைத்தார். இனி மான் வந்து நிற்க வேண்டியதுதான் பாக்கி என்று தெருவே பேசியது. சித்தப்பா மட்டும் அந்தச் சிரட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ராத்திரிகளில் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணக் கவலை என்று எல்லாரும் சிரித்தார்கள்.

விஜயதசமிக்கு மலைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. தறிகளைக் கழுவித் துடைத்து, ஊடை ஓட்டும் நாடாவும் கத்தரிக்கோலும் ராட்டையும் வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது வீட்டுச் சின்னப் பெண்ணான என் வேலை. அந்த வருஷம் வரிசையின் கடைசியில் ரைஃபிளும் இருந்தது. தறிக்குப் பொட்டு வைக்க எல்லாருக்கும் தெரியும், துப்பாக்கிக்கு முகம் எது? நான் யோசித்துப் பார்த்தேன். தூரக்கண்ணாடியின் முன்பக்கம் வட்டமாக, பளபளவென்று, அம்மன் முகம்போல இருந்தது. அதன் நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமத்தை நல்ல பெரிய பொட்டாக வைத்தேன். மான் கிடைக்க வேண்டும், சித்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் வைத்தேன். காய்ந்ததும் சித்தப்பா கண்ணாடிக்கு உரிய தோல் மூடியை மாட்டினார். பூஜையில் வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாக உதிர வேண்டும்.

மறுநாள் விடியற்காலை சித்தப்பா கிளம்பிப் போனார். தெருமுனை வரை நான் கூடப்போனேன். என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் சித்தப்பா வந்தார். கையில் மான்தோல் இல்லை. கூடவே ஆரணிக்காரர். அவ்வளவு பெரிய மீசை எங்கள் வாசல்படி தாண்டி வந்ததுமே வீட்டில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. சம்பந்தம் வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று அம்மா அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்தப்பாதான் பேசினார். விடியும் நேரத்தில் ஓடைக்கரையில் மான் வந்து நின்றதாம். நல்ல வெளிச்சம், நல்ல தூரம், காற்றும் இவர்கள் பக்கம். மூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாராம். மான் தலையைத் திருப்பி இவரைப் பார்த்ததாம்.

"நெத்தியில செவப்பா பொட்டு வெச்சிக்கினு என்னையே பாத்துக்கினு இருந்திச்சிண்ணா. கை வரல."

அப்பாவின் பார்வை, பிறகு அம்மாவின் பார்வை, பிறகு பெரியப்பாவின் பார்வை எல்லாம் வரிசையாக என்மேல் வந்து விழுந்தன. நான் தறியில் நீட்டியிருந்த பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அரக்கு நிற இழைகளின் ஊடே கூடம் முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது. சித்தி வரப்போவதில்லை, அதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அழ ஆரம்பித்தேன்.

பொட்டு வைத்தது யார் என்று ஆரணிக்காரர் கேட்டார். வேறு வழியில்லாமல் வெளியே வந்தேன். அவர் குனிந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நீயாம்மா? நல்லா பெருசாத்தான் வெச்சிருக்கே. நானும் அந்தத் துப்பாக்கிய வாங்கிப் பாத்தேன். பொட்டு பளிச்சினு தெரிஞ்சிது."

பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார். "அம்பாளே பொட்டு வெச்சி அனுப்பின மானை யாருங்க சுடறது? நாள் பாருங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தி வந்தார். துப்பாக்கி பீரோவுக்குள் போயிற்று. குங்குமச் சிமிழோடு நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. மான்வேட்டைக்கே சட்டத்தில் தடை வந்தபோது சித்தப்பா ரைஃபிளைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். தூரக்கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டார். சாயங்காலங்களில் அவரும் சித்தியும் மாடியில் உட்கார்ந்து கோபுரத்துக் கிளிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பொட்டு வைத்து மானைக் காப்பாற்றிய பெண் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. நானும் அதை வெட்கமில்லாமல் அனுபவித்தேன்.

எனக்குக் கல்யாணமாகி, என் மகனுக்கு ஏழெட்டு வயதானபோது, சித்தப்பா அந்தக் கண்ணாடியை அவனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருஷ ஆயுத பூஜையில் பழக்கதோஷத்தால் அதன் முன்கண்ணாடி நடுவே பெரிய பொட்டாக வைத்தேன். மகன் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். பொட்டு தெரிகிறதா என்று கீழேயிருந்து கேட்டேன். எந்தப் பொட்டு என்றான்.

ஏறிப்போய் நானே பார்த்தேன். கோபுரம் தெரிந்தது. பொம்மைகள் தெரிந்தன. ஒரு பொம்மையின் தோளில் உட்கார்ந்திருந்த கிளியின் மூக்குக்கூடத் தெரிந்தது. பொட்டு இல்லை. திருப்பிப் பார்த்தால் கண்ணாடி நடுவே குத்துக்கல்லாட்டம் இருந்தது. மறுபடி கண்ணில் வைத்தால் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். முன்கண்ணாடியில் என்ன ஒட்டியிருந்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது உருவமாக வராது. எங்கே வைத்துப் பார்த்தாலும், எத்தனை முறை பார்த்தாலும் வரவில்லை.

அன்றைக்கே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதை அவர் கேட்டுவிட்டு, நூல் கண்டு தேடுவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டார். சித்திதான் சிரித்தார்.

"எங்கப்பா காடெல்லாம் சுத்தி இருவது வருசம் சுட்டவரு. அவருக்குத் தெரியாதா?" என்றார். "வூட்டுக்கு வந்து அன்னிக்கே எங்கம்மாகிட்ட சொல்லிட்டாரு. ஒரு உசுரக் காப்பாத்தறதுக்கு இப்படி ஒரு பொய் சொல்றவன் கையில பொண்ணத் தைரியமா குடுக்கலாம்னு."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒன்று போதுமானதாக இருந்திருக்கிறது. ஒருவர் சொன்னார், இன்னொருவர் தெரிந்தே அதற்குச் சாட்சி சொன்னார், இருவரும் சேர்ந்து பெருமையை என் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்று பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பொட்டைக் கொஞ்சம் சின்னதாக வைத்திருக்கலாமே என்றுதான் அழுதுகொண்டிருந்தேன்.