ஈரத் தலையும் கூடுதல் சம்பளமும்

துண்டு கருகுகிற வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கண் அடுப்புக்கு மேலே போகும். சவுக்கு மிலாறு எரிகிற அடுப்புக்கு மேலே ஒரு கயிறு கட்டி, அதில் நைனாவின் காக்கிச் சட்டையையும் துண்டையும் போட்டு, அவை முந்தின நாளே காய்ந்துவிட்டன என்று தெரிந்தும், இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று அம்மா பார்த்துக்கொண்டே நிற்பாள். சில நாள் துண்டின் ஓரம் கருகிப்போகும். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குக் கிளம்பும் முன் நைனா குளிக்கக் கூடாது. தோணி ஏறும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்காமல் இருக்கப் பலகை போட்டு ஏற வேண்டும். எவ்வளவு காய்ந்திருந்தாலும் அம்மா ஒரு தடவை அவர் தலையைத் துவட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயதிருக்கும்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. எல்லா வீட்டு ஆண்களும் வலையோடு போக, நைனாவும் துலுக்காணம் மாமாவும் மட்டும் தோணியில் ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டிக்குப் போவார்கள். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. முதலில் வெளியே முற்றத்தில் இரும்பைப் பிரித்துப் போடும் வேலைதான் கொடுத்திருந்தார்கள். வெயிலும் துருவும் தவிர அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நைனா வழக்கத்தைவிட வேகமாகத் தோணியிலிருந்து இறங்கி வந்தார். பழவேற்காட்டுக் கடையில் வாங்கிய பக்கோடா பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "சம்பளம் ஏத்திட்டாங்கோ" என்றார்.

யாராக இருந்தாலும் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அம்மா மீன் கழுவிய கையைத் துடைக்காமலே, "எங்க நிக்க வெச்சாங்கோ?" என்று கேட்டாள்.

நைனாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பர்னஸ் கிட்ட. நானும் துலுக்காணமும்."

"அங்க நின்ன ஆளு இன்னா ஆனான்?"

"காலு வெந்துபோச்சாம். ஊட்ல கீறான்."

பக்கோடாவை நான் தின்றேன். அம்மா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பர்னஸ் என்கிற அந்த உலையைப் பற்றி நைனா சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் எங்கள் வீட்டில் நிலைத்துப்போனது. உருகிய இரும்புக்கு ஈரம் ஆகாது. மழையில் நனைந்த இரும்பைத் தெரியாமல் உள்ளே போட்டுவிட்டால், அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடித்து, நெருப்பு ஆள்மேல் தெறிக்கும். சாப்பிடும்போது ஏதோ கதை போல, "ஒரு கை தண்ணி போதும், எல்லாம் மேல வந்துரும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஈரம் என்றாலே பயம். பழைய சோறு கட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு வறண்ட சோறாகக் கட்டினாள். தலையில் ஈரம், சட்டையில் ஈரம், காலில் ஈரம், எதுவும் அந்த உலைக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

"ஏம்மே, நான் இன்னா இரும்பா? என்னைத் தூக்கி உள்ள போட மாட்டாங்கோ" என்று நைனா சிரிப்பார். அம்மா துவட்டுவதை நிறுத்த மாட்டாள். ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்த குடும்பம் நாங்கள். எங்கள் வீட்டில் ஈரமில்லாத பொருளே கிடையாது. அந்த வீட்டில் தண்ணீரைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டேன்.

துலுக்காணம் மாமா கூடுதல் சம்பளத்தை அந்த மாதமே கொண்டாடிவிட்டார். தவணையில் ஒரு ரேடியோ வந்தது, பிறகு ஒரு தையல் மெஷின், அதற்கும் பிறகு கையில் கடிகாரம். ரேடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

"இன்னா கன்னிம்மா, துட்ட அடைகாக்கிறியா? ஏகாம்பரத்துக்கு ஒரு வாட்சு வாங்கிக் குடேன்."

"அவருக்கு மணி இன்னாத்துக்குண்ணா? ரயிலு கூவுனா ஏறப்போறாரு."

"நீ சரியான பேஜாரு புடிச்சவம்மே."

அவர் போன பிறகு அம்மா நைனாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "அந்தத் துட்டு நம்ம ஊட்டுக்கு வரவே இல்லன்னு வெச்சிக்கோ. அது நம்ம அடுப்புச் செலவுக்கு வந்துச்சுன்னா அப்புறம் நீ அந்த நெருப்ப வுட்டு வரவே முடியாது." எங்களுக்கு அதே சோறு, அதே நாஷ்டா, எனக்கு அதே கிழிந்த பாவாடை. கூடுதலாக வந்தது ஒரு தகர டப்பாவுக்குப் போயிற்று. எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

எதற்கு என்பது "பாடு" பேசும் கூட்டத்தில்தான் தெரிந்தது. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதைத்தான் பாடு என்போம். குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் அதில் முறை உண்டு. முறைக்குரியவன் தானே வந்து வலை கட்ட வேண்டும், கூலிக்கு ஆள் அனுப்பக் கூடாது, தொடர்ந்து வராதவன் பேர் போய்விடும் என்பது எங்கள் ஊர்க் கட்டு. கம்பெனிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து நைனா சில முறைகளை விட்டிருந்தார். துலுக்காணம் மாமா அதை மறந்தே போயிருந்தார்.

அம்மன் கோயில் சுவருக்குப் பின்னால் அம்மாவோடு நான் நின்றேன். உள்ளே ஒருவர் குரல் ஓங்கிக் கேட்டது: "ஏகாம்பரத்துக்கு இன்னா கொறச்சல்? மாசமானா டப்பு. அதையும் ஏத்திக் குடுத்துகிறான் கம்பெனிக்காரன். அவன் பாட்ட இல்லாதவனுக்குக் குடுங்கப்பா."

சிரித்தார்கள். அம்மாவின் கை என் தோளில் இறுகியது. சம்பளம் ஏறிய செய்தியே எங்கள் பங்குக்கு எமனாக வந்து நின்றது. கடைசியில், இனி ஒரு முறை தவறினாலும் பேரை எடுத்துவிடுவது என்று முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தகர டப்பாவை நைனாவின் முன்னால் வைத்தாள்.

"லீவு போட்டா சம்பளத்துல புடிப்பாங்க இல்ல, அந்தப் புடிப்புக்குத்தான் இது. பாடு வர்ற நாளு நீ கம்பெனிக்குப் போவாதே. முன்ன இன்னா கொண்டாந்தியோ அதைக் கொண்டா, ஊடு ஓடிரும்."

"துட்டு ஏத்துனது நின்னு வேலை செய்யறதுக்குமே, படுத்துக்கினு இருக்க இல்ல."

"படுத்துக்கவா சொன்னேன்? வலை கட்டத்தானே சொன்னேன்."

இப்படித்தான் எங்கள் வீட்டில் சம்பள உயர்வைச் செலவு செய்தோம். மற்றவர்கள் அதை வைத்துப் பொருள் வாங்கினார்கள், அம்மா நாட்களை வாங்கினாள். பாடு முறைக்காக வாங்குகிறாள் என்று நான் நினைத்தேன். வயது வந்த பிறகுதான் புரிந்தது, அவள் ஒவ்வொரு நாளாக நைனாவை நெருப்பிடமிருந்து மீட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு பாடு நாளும் வேறு ஒரு பயத்தைக் கொண்டுவந்தது. மறுநாள் கம்பெனி கேட்டில் நிறுத்திவிடுவார்களோ, போர்மேன் என்ன சொல்லுவாரோ என்று அந்த மறுநாள் சாயங்காலம் தோணி வரும்வரை அம்மா கரையில் நிற்பாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மழைக்காலம் வந்தது. உலையை அணைத்துப் பழுது பார்த்து மறுபடி மூட்டும் நாளும், எங்கள் பாடு நாளும் ஒன்றாக விழுந்தன. போர்மேன் முந்தின நாளே, "நாளைக்கு வரலேன்னா அப்புறம் நீ வராதே" என்று சொல்லிவிட்டாராம். முற்றத்து இரும்பெல்லாம் நனைந்து கிடந்தது. அந்த வருஷம் அப்படி ஒரு மழை.

காலையில் நைனா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானை மாட்டாமல் உட்கார்ந்திருந்தார். வலை ஒரு பக்கம் கிடந்தது. கரையிலிருந்து துலுக்காணம் மாமாவின் குரல் வந்தது.

"ஏகாம்பரம்! தோணி கெளம்புது, வரியா இல்லியா?"

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா துண்டை எடுக்கவில்லை. அன்றைக்கு அவள் அவர் தலையைத் துவட்டவில்லை. மழை கூரையிலிருந்து ஒழுகி அவர் தோளில் விழுந்தது, அவள் அதையும் துடைக்கவில்லை.

"வேலை போச்சுன்னா?" என்றார் நைனா.

"போனா ஏத்தி குடுத்ததுதான போவும்? அத நாம எங்க தின்னோம்?"

"மொத்தமும் போச்சுன்னா?"

அம்மா வலையை இழுத்து அவர் காலடியில் போட்டாள். நைனா எழுந்து வாசலுக்குப் போய், "நீ போ துலுக்காணம்!" என்று கத்திவிட்டு, சட்டையைக் கழற்றினார். மழையிலேயே போய் வலை கட்டினார். இறால் சுமாராகத்தான் கிடைத்தது.

மறுநாள் அவர் கம்பெனிக்குப் போனார். பொழுது சாயும்வரை நானும் அம்மாவும் கரையிலேயே இருந்தோம். தோணி வந்தது. நைனா பலகைக்குக் காத்திராமல் தண்ணீரில் குதித்து, முழங்கால் நனைய நடந்து வந்தார். "பழைய எடத்துக்கே போவச் சொல்ட்டான். பழைய சம்பளந்தான்."

அம்மா சிரித்தாள். சம்பளம் குறைந்ததற்குச் சிரித்த ஒரே பெண்பிள்ளை எங்கள் குப்பத்தில் அவளாகத்தான் இருப்பாள். அடுத்த மாதம் எங்கள் சோற்றுப் பானைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. துலுக்காணம் மாமாவுக்கும் உலை என்றால் பயம்தான். "என்னையும் வெளிய போட்டா தேவலடா" என்று நைனாவிடம் சொல்வாராம். ஆனால் ரேடியோவுக்கும் மெஷினுக்கும் தவணை முடியாமல் அவரால் அங்கிருந்து நகர முடியவில்லை. அடுத்த மழையில் உலை ஒரு நாள் தெறித்தது. அவருக்கு ஒரு கண் போய்விட்டது. பிறகு அவர் வீட்டில் ரேடியோ பாடி நான் கேட்டதில்லை.

சென்ற ஐப்பசியில் நைனா இறந்துபோனார். உலையில் இல்லை. பாடு முறைக்குப் போனவரின் தோணி முகத்துவாரத்துச் சுழலில் கவிழ்ந்தது. கரையில் கொண்டுவந்து கிடத்தியபோது அம்மா அழவில்லை. ஓரம் கருகிய அந்தத் துண்டை வீட்டிலிருந்து எடுத்துவந்து, அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். தலையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அவளும் துவட்டிக்கொண்டே இருந்தாள். துலுக்காணம் மாமாதான் கையைப் பிடித்து நிறுத்தினார். "நெருப்புல இருந்து புடுங்கிக்கினு வந்து தண்ணிக்குக் குடுத்துட்டா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அது அம்மாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, அதிகம் பேசுவதுமில்லை. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? இடையில் இருந்த வருஷங்களில் ஒவ்வொரு சாயங்காலமும் நைனா வீட்டுக்கு வந்தார். அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

வீட்டில் இனி ஆண் இல்லாததால் சீட்டுப் போடும்போது ஏகாம்பரம் என்ற பேரைக் கூப்பிடுவதில்லை. அடுப்புக்கு மேலே இருந்த கயிறும் அவிழ்ந்துவிட்டது. ஏரியில் இப்போது பாலம் வந்துவிட்டது. பஸ்ஸிலேயே நான் கும்மிடிப்பூண்டியில் மருந்து பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவளுக்குக் கிடைத்த வேலை அது. போன வாரம் எனக்கும் சம்பளம் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். பல நாள் கழித்து அம்மா வாயைத் திறந்தாள்.

"எங்க நிக்க வெச்சாங்கோ?"

"அதே எடந்தாம்மா. நெருப்பும் இல்ல, தண்ணியும் இல்ல."

அவள் நம்பியது போலத் தெரியவில்லை. கூடுதல் பணம் அதே தகர டப்பாவில் கிடக்கிறது. அதை வைத்து அவள் நைனாவுக்கு நாட்களை வாங்கினாள். நான் யாருக்காக எந்த நாளை வாங்குவது என்று தெரியவில்லை. அதைச் சொன்ன மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, ஓரம் கருகிய துண்டால் தலையைத் துவட்டினாள்.

"காஞ்சிடுச்சும்மா" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நானும் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.