கோகுலன் தொட்ட துவக்கு

சாவகச்சேரிப் பக்கம் தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மெஷின் பழுதானால் கோகுலனிடம்தான் கொண்டுபோவார்கள். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுத்த சாமானைக் கொடுத்தபடியே திருப்பி வாங்கியவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. எண்ணெய் ஒழுகுகிறது என்று கொண்டுபோனால், ஒழுக்கை அடைத்து, இரைச்சலைக் குறைத்து, கைபிடியையும் தன் இஷ்டத்துக்கு மாற்றித்தான் தருவான். அந்த மேலதிக வேலைக்குக் காசு கேட்கமாட்டான். என்ன செய்தேன் என்று சொல்லவும் மாட்டான். சாமான்காரர் இரண்டு நாள் கழித்துத் தானாகவே கண்டுபிடித்து, "என்னடாப்பா செய்தனி, உது பூனை மாதிரி ஓடுது" என்று போனில் கேட்கவேண்டும். அந்த ஒரு கேள்விக்காகவே மனிதன் உயிர் வாழ்ந்தான்.

கலியாணத்தன்று ஜெனரேட்டர் இரைச்சல் சரியில்லையென்று பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனவன் அவன். "நானும் பிள்ளையளும் மட்டும்தான் இந்த வீட்டிலை இன்னும் கழட்டுப்படாத சாமான்" என்று மனைவி தாரிகா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு வாயெல்லாம் பல்.

இப்படிப்பட்டவன் கையில் எயார் ரைபிள் அகப்பட்டால் என்ன ஆகும்? காற்றின் அழுத்தத்தில் ஈயக் குண்டு சுடும் துவக்கு அது. குழலைக் கீழே மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும், சின்னக் கொக்கியொன்று அதைப் பிடித்து நிறுத்தும். மடங்கித் திறந்த குழலின் வாயில் பெருவிரலால் குண்டை வைத்து, நிமிர்த்தி மூடி விசையை இழுத்தால் கொக்கி வில்லை விடும், குண்டு பாயும். தென்மராட்சியில் குரங்குத் தொல்லைக்கென்று அனுமதியெடுத்து வைத்திருந்த நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தென்னங்காணியில் கூடி, பால்மாத் தகரப் பேணிகளை வரிசையாக வைத்துச் சுடுவார்கள். மற்றவர்கள் பேணியைப் பார்த்தார்கள். கோகுலன் துவக்கின் வயிற்றைப் பார்த்தான். விசை இறுக்கமாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. தன் துவக்கைக் கழற்றி, கொக்கியின் மூக்கை அரத்தால் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிபோல் மினுக்கினான். அதன்பிறகு விரல் பட்டாலே போதும் என்றாகிவிட்டது. குறி தவறவில்லை.

அந்தக் கூட்டத்தில் சோமசேகரம் மூத்தவர், மீசாலைக்காரர், பஸ் சாரதி. தன் துவக்கில் காற்றுக் கசிகிறது என்று தந்தார். கோகுலன் வாசரை மாற்றினான். கொக்கியையும் மினுக்கினான். வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

மூன்று கிழமை போயிருக்கும். ஒரு புதன்கிழமை பட்டறைக்குப் பின்னால் தன் துவக்கின் குழலை மடக்கினான். குண்டு எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டான். குழல் தன்பாட்டில் நிமிர்ந்து படாரென்று மூடிக்கொண்டது. ஒரு நொடி பிந்தியிருந்தால் அந்த வாயில்தான் குண்டோடு அவனுடைய பெருவிரல் இருந்திருக்கும். கோகுலன் கையை விரித்து ஐந்து விரலையும் பார்த்தான்.

கழற்றிப் பார்த்தான். கொக்கியின் மூக்கு தேய்ந்த சவர்க்காரம்போல் உருண்டு, இறுகிய வில்லை வழுக்கி விட்டிருந்தது. அந்த இரும்புக்கு மேல்தோல் மட்டும்தான் வைரம் பாய்ந்தது, உள்ளே மெதுவான பச்சை இரும்பு. இருபது வருடம் இரும்போடு மாரடித்தவனுக்கு இது தெரியாததல்ல. மினுக்குகிற ஆசையில் தோலையே உரித்துவிட்டான். மீசாலையில் இருக்கும் கொக்கியும் இப்போது இதே வழியில் தேய்ந்துகொண்டிருந்தது.

உடனே போன் எடுத்தான்.

"அண்ணை, துவக்கு எப்பிடிப் போகுது?"

"தொட்டாலே சுடுது. கள்ளன், ஏதோ செய்துதான் இருக்கிறாய்."

எத்தனையோ பேரிடம் ஆசையாகக் கேட்ட வார்த்தை. இன்றைக்கு அது காதில் கசந்தது.

"ஒருக்காக் கொண்டு வாங்கோ அண்ணை. சின்ன வேலை ஒண்டு கிடக்கு."

"ஏன், ஏதும் பிழையோ?"

இந்த இடத்தில் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கோகுலன் தொட்டது பிழைத்தது என்ற பேச்சு ஊரில் இதுவரை இல்லை.

"பிழை ஒண்டுமில்லை. இன்னும் கொஞ்சம் திறமாச் செய்யலாம்."

"அப்ப ஞாயிறு கொண்டு வாறன்."

"அதுவரைக்கும் நீங்கள் சுடாமல் இருந்தால் என்ன?"

"ஞாயிறு விட்டால் நான் எங்கை தம்பி சுடுறது? விடிய பஸ் எடுத்தா இருட்டித்தானே வாறன். மனிசிதான் குரங்கு கலைக்கிறவ. தகரத்திலை ரெண்டு குண்டு போட்டால் சத்தத்துக்கு ஓடிடும்."

அக்காவிடம் துவக்கைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கோ என்ற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார். நாளைக்குத் தானே நேரில் போய் எடுத்துவிடலாம் என்று போனை வைத்தான். அன்றிரவு சோறு இறங்கவில்லை. தாரிகா என்னவென்று கேட்டதற்கு மெஷின் யோசனை என்றான்.

மறுநாள் காலை வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் இறைப்பு மெஷினோடு பட்டறையில் வந்து குந்திக்கொண்டார், பயிர் வாடுகிறதாம். அந்த வேலையை முடித்து மோட்டார்சைக்கிளை எடுக்கும்போது பதினொன்று கழிந்துவிட்டது. மீசாலை ஒழுங்கைக்குள் திரும்பியபோது மதில் நீளத்துக்குக் குரங்குகள் வரிசையாக இருந்து மாங்காய் கடித்தன. ஒன்றும் ஓடவில்லை. துவக்குச் சத்தமும் இல்லை. கோகுலன் மோட்டார்சைக்கிளை முறுக்கினான்.

சோமசேகரத்தின் மனைவி உதயகலா கிணற்றடியில் குந்தியிருந்தாள். இடது கையில் சுற்றிய துவாய் சிவந்திருந்தது. விறாந்தையில் தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை கிடந்தது. துவக்கு மாமரத்தடியில்.

"நல்ல நேரம் வந்தனீங்கள் தம்பி," என்றாள். முகம் வெளிறியிருந்தது. "குண்டு வைக்கேக்கை குழல் மூடிட்டுது. நான்தான் வடிவா மடக்கேல்லைப் போல. இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள் மினக்கெட்டுச் செய்து தந்ததைப் பழுதாக்கிப்போட்டன் எண்டு பேசுவார்."

கோகுலன் அவளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வழியெல்லாம் அவள் பின்னாலிருந்து பள்ளிக்கூடம் தொடங்கமுதல் முடிக்கவேண்டிய சட்டைகளைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சந்தியிலும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தான், ஒவ்வொரு சந்தியும் கழிந்தது.

டொக்டர் துவாயை அவிழ்த்துப் பார்த்தார். பெருவிரலை முன் கணுவோடு வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்றார்.

"இனித் துணி பிடிச்சுத் தைக்கலாமோ டொக்டர்?" என்று உதயகலா கேட்டாள். அவர் எப்படி நடந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினார்.

"என்ரை பிழைதான். எனக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியாது. வேணுமெண்டால் தம்பியைக் கேளுங்கோ, துவக்கிலை ஒரு குறையுமில்லை."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். உதயகலாவும் பார்த்தாள்.

கோகுலன் ஓம் என்று தலையாட்டினான்.