புரட்டாசிக்கு எத்தனை நாள்

எங்கள் அலுவலகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரே ஒரு சாலை. அதன் மூலையில் ஓர் இத்தாலியக் கடை. பீட்ஸா ஸ்லைஸ், நீள ரொட்டியைப் பிளந்து அடைத்த சப், ஒரு தட்டு பாஸ்தா என்று எதை வாங்கினாலும் ஐந்து டாலருக்குள் வயிறு நிறையும். தொண்ணூறுகளின் பின்பாதியில் நியூ ஜெர்சியில் இருந்த மூன்று வருடமும் வாரத்தில் நான்கு நாளாவது எனக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். என்றைக்கு எதைச் சாப்பிட்டேன் என்பது நாட்குறிப்பில் இருக்கிறது. ஆனால் இங்கே தேதி எதையும் எழுதப்போவதில்லை, கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அந்தக் கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லாரும் ரயில்கள். எழுபதை நெருங்கிய முதலாளி அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ரயில் அட்டவணையை ஒட்டிவைத்திருந்தார். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் "எந்த வண்டி?" என்று கேட்பார். "பன்னிரண்டு பதினெட்டு!" என்று அவர் கத்தினால் ஒரு கோட்டுக்காரர் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு படியேறி ஓடுவார். வண்டிக்கு இரண்டு நிமிடம் முன்னால் சாப்பாடு கைக்கு வந்துவிடும். ரயில் தாமதமாக வந்து பார்த்திருக்கிறேன், சப் தாமதமாக வந்து பார்த்ததில்லை. எந்த வண்டியும் பிடிக்க வேண்டாத பக்கத்து அலுவலகத்து ஆட்களுக்குக் கடைசியில்தான் கிடைக்கும்.

என் அடுத்த மேசை நண்பர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். "பன்னெண்டு இருபத்திநாலு" என்று கூசாமல் சொல்லி, சிக்கன் பார்ம் சப்பை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த கோழி, மேலே தக்காளிக் குழம்பு, அதற்கும் மேலே உருகி வழியும் சீஸ். மறுநாள் முதலாளி அவரை உற்றுப் பார்த்து, "நேற்று உன் வண்டி நீ இல்லாமலே போய்விட்டது" என்றார். ஆனாலும் அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'பன்னிரண்டு இருபத்திநாலு'தான்.

அந்த வைகாசியில் அவர் மூன்று வார லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தார். மனைவியின் விசா முதல் தடவை கிடைக்கவில்லை. இவர் அனுப்பியிருக்க வேண்டிய காகிதம் ஒன்று குறைந்தது. இரண்டாவது நேர்முகம் ஐப்பசி பிறக்கும் சமயத்தில் சென்னையில் என்று தகவல் வந்தது. ஊரில் அவர்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க அசைவம் கிடையாது. அமெரிக்கா வந்த இரண்டு வருடமாக இவர்தான் அதைக் காற்றில் பறக்கவிட்டிருந்தார்.

"பெருமாளுக்கு வேண்டிக்கிட்டனுங்ணா. இந்தப் புரட்டாசி முழுக்க, கடைசி நாள் வரைக்கும், கறி மீன் தொடமாட்டேன். அவ வந்து சேந்தாப் போதும். நீங்கதான் எனக்கு லிஸ்ட் போட்டுக் குடுக்கோணும்."

அலுவலகத்தில் நாள், கிழமை, திதி எல்லாம் என் பொறுப்பு. பிறப்பால் சைவம் என்றாலும் பாரபட்சமின்றி அனைவருக்கும் தேதி சொல்வேன். ஆனால் அந்த வருடத்து நாள்காட்டி என்னிடம் இல்லை. சென்னையிலிருந்து அதைக் கொண்டுவரவிருந்த உறவினரின் பெட்டி விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. அப்பளக்கட்டா, நாள்காட்டியா என்று வந்தபோது அவர் தயங்காமல் அப்பளத்தைத் தேர்ந்தெடுத்தார். முந்தைய வருடத்து நாள்காட்டியைப் பார்த்து லிஸ்ட் தயாரித்தேன். கட்டம் கட்டி, அச்செடுத்து, இரண்டு பிரதி.

இரண்டாவது பிரதியை நண்பர் கடை முதலாளியிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அவரும் கறி உருண்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறவர்தான். லிஸ்ட்டை ரயில் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினார். தினமும் ஒரு கட்டத்தை அவரே பேனாவால் அடித்தார்.

அதன் பிறகு நண்பரால் தப்பவே முடியவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மெல்லக் கவுண்டரில் சாய்ந்து, "ஒண்ணே ஒண்ணு, பாதி சப்" என்று இறங்கி வந்தார். முதலாளி திரும்பிப் பார்க்காமல் விரலை மட்டும் சுவரை நோக்கி நீட்டினார்.

"உன் மனைவி வரணுமா, வேண்டாமா?"

வரிசையில் நின்ற பன்னிரண்டு பதினெட்டு உட்பட எல்லாரும் சிரித்தார்கள். கத்திரிக்காய் பார்ம் வந்து சேர்ந்தது.

"ஊர்லயே நான் கத்திரிக்காய் தொடமாட்டனுங்ணா" என்று ஒரு மாதம் முழுக்க என்னிடம் புலம்பியபடி அதைத் தின்றார்.

என் லிஸ்ட்டின்படி புரட்டாசி ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. நேர்முகம் வியாழன் காலை, சென்னையில். நடுவில் புதன்கிழமை மதியம். அன்று நாங்கள் உள்ளே நுழைந்ததும் முதலாளி, கட்டங்கள் எல்லாம் அடிபட்ட லிஸ்ட்டைப் பெருமையாகக் காட்டினார். "பன்னிரண்டு இருபத்திநாலு!" என்று கடை அதிரக் கத்தி, இரண்டு மடங்கு சீஸ் போட்ட சிக்கன் பார்மை நண்பர் முன்னால் வைத்தார். சப்பை இரண்டாக வெட்டித்தான் கொடுப்பார்கள். முதல் பாதியை நண்பர் தலை நிமிராமல் தின்றார். அந்தப் பாதியின் கடைசி வாயை மென்றுகொண்டிருந்தபோது எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே வேலைபார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணை வந்தார்.

"என்ன தம்பி, உது கோழியெல்லோ?"

"ஆமாங்ணா. நேத்தோட புரட்டாசி முடிஞ்சுதுங்க."

"ஆர் சொன்னது? இண்டைக்குத்தான் கடைசி நாள். நாளைக்கெல்லோ ஐப்பசி பிறக்குது."

நண்பர் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"புரட்டாசிக்கு முப்பது நாள்" என்றேன்.

"போன வருசம் முப்பது. இந்த வருசம் முப்பத்தொண்டு. சூரியன் என்ன, உங்கட லிஸ்ட்டைப் பாத்தே நடக்கிறது?"

"அது உங்க யாழ்ப்பாணப் பஞ்சாங்கமா இருக்கும்."

அண்ணை கோட்டுப் பையிலிருந்து உள்ளூர்க் கோயிலின் மாத இதழை எடுத்து மேசையில் விரித்தார். "கோயில் ஐயர் உங்கட காஞ்சிபுரம்தான். வாசியுங்கோ."

வாசித்தேன். தமிழ் மாதங்கள் சூரியனின் நடையைப் பொறுத்து ஒரு நாள் கூடும், குறையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி இரண்டு தடிமனான புத்தகங்களை, அடிக்குறிப்புகள் உட்பட, படித்திருந்தேன். லிஸ்ட் போடும்போது அவை அலமாரியில் இருந்தன.

"ஏனுங்ணா," நண்பர் வாயில் இருந்ததை ஒருவழியாக விழுங்கிவிட்டுக் கேட்டார், "அங்க இப்ப மணி என்னங்க?"

"ராத்திரி ஒன்பதே முக்கால்."

"இன்னும் புரட்டாசிதானுங்களா?"

"சூரியோதயம் வரைக்கும்."

"அப்ப அவ அங்க புரட்டாசில படுத்துத் தூங்கறா. நான் இங்க கோழி தின்னுட்டிருக்கேன்."

ஏதாவது செய்தாக வேண்டும் என்று கைதுடைக்கும் தாளில் கணக்குப் போட்டேன். சென்னையில் காலை ஆறு என்றால் இங்கே முந்தின இரவு எட்டரை. "எட்டு மணி நேரம்தான் முந்திட்டீங்க. ராத்திரிச் சாப்பாடா வெச்சிருந்தா பிரச்சினையே இல்ல."

"அதை நேத்தே சொல்லியிருக்கோணுமுங்க."

மூன்று பேரும் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்து முதலாளி கவுண்டரைவிட்டு வெளியே வந்தார். என் தப்பை நானே அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் யோசித்தார்.

"ஞாயிற்றுக்கிழமையும் விரதம் இருந்தானா?"

"எல்லா நாளும் இருந்தார்."

"அப்புறம் என்ன? எங்கள் தவக்காலத்தில் ஞாயிறு கணக்கிலேயே வராது. இவன் நான்கு ஞாயிறு கூடுதலாக இருந்திருக்கிறான். ஒன்று போனாலும் மூன்று மிச்சம்."

அண்ணைக்கு இந்த வாதம் பிடித்திருந்தது. நண்பருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "இந்தக் கணக்கைப் பெருமாள் ஒத்துக்குவாருங்களா?" என்றார்.

"அவகிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்று எழுந்தார்.

அண்ணை கையைப் பிடித்து உட்காரவைத்தார். "விசர்க் கதை கதையாதேங்கோ. அந்தப் பிள்ளை விடிஞ்சால் அங்கை போய் நிக்கவேணும். இதைக் கேட்டால் ஆடிப்போகும். எல்லாம் முடியட்டும், பிறகு சொல்லுங்கோ."

மிச்சமிருந்த பாதியை முதலாளி அலுமினியத் தாளில் சுற்றி, மேலே '12:24' என்று எழுதிக் குளிர்பெட்டியில் வைத்தார்.

வியாழன் காலை நண்பரின் நாற்காலி காலியாக இருந்தது. பத்து மணி, பதினொன்று. விசா இல்லையென்றாகிவிட்டால் என்ன சொல்லி அவர் முகத்தில் விழிப்பது என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். "சூரியன் தாமதமாகப் போய்விட்டது" என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போனேன். முதலாளி எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அண்ணையும் வந்து சேர்ந்தார். யாரும் எதுவும் வாங்கவில்லை. நிஜமான பன்னிரண்டு இருபத்திநாலு வந்து நின்று, கிளம்பிப் போனது. நாங்கள் மூவரும் ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது போனபிறகு நண்பர் வந்தார். முகம் சவரம் செய்யப்படவில்லை. சட்டைப்பையில் தீர்ந்துபோன இரண்டு போன் கார்டுகள்.

"குடுத்துட்டாங்க" என்றார்.

முதலாளிக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் ஏற்கெனவே குளிர்பெட்டியைத் திறந்து அலுமினியப் பொட்டலத்தை எடுத்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாம்னு சொல்லுங்ணா. கத்திரிக்காய் போடச் சொல்லுங்க."

"ஏன்? இன்னிக்கு ஐப்பசிதானே? இதுல சந்தேகமே இல்ல" என்றேன்.

"அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டனுங்க. முதல்ல விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம், ஒரு நாள் கொறையுதுல்லங்க, அதை இன்னைக்கு இருந்து முடிச்சுடுங்கன்னுட்டா. விமானம் ஏறறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டாளுங்க."

அண்ணை சூடேறிக்கொண்டிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "எனக்கு ஐப்பசி பிறந்திட்டுது தம்பி. வீணாக்கக் கூடாது" என்று சொல்லி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களைப் பத்தியும் ஒண்ணு சொன்னாளுங்க" என்றார் நண்பர், கத்திரிக்காயை முள்கரண்டியால் புரட்டியபடி.

"என்ன?"

"அந்த லிஸ்ட் போட்ட அண்ணனை இனிமே கிழமை மட்டும் சொல்லச் சொல்லுங்க, தேதியெல்லாம் வேண்டாம்னு."

மார்கழியில் அவர் மனைவி வந்தார். முதல் திங்கட்கிழமையே கடைக்கு வந்து, பெரிய கைப்பையிலிருந்து வரும் வருடத்து நாள்காட்டியை எடுத்தார். தினமும் ஒரு தாள் கிழிக்கும் வகை, மேலே திருப்பதிப் பெருமாள். முதலாளி என் லிஸ்ட்டைச் சுவரிலிருந்து பிய்த்துவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டினார்.

பிய்த்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தக்காளிக் கறையோடு இன்னும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. முப்பது கட்டங்களுக்குக் கீழே முதலாளி தன் கையாலேயே ஒரு கட்டம் வரைந்து, அதையும் அடித்திருக்கிறார்.