வலது ஓரத்தில் ஒரு டப்பா

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் மெயில் அனுப்பியிருந்தார். ஆறு மாதமாகச் சமையல் பற்றி வலைப்பூ எழுதுகிறாராம். நடுவில் ஏஜென்ட் யாரும் இல்லாமல், நேரடியாகவே பேனர் விளம்பரம் பிடிப்பது எப்படி? 'உங்கள் அனுபவத்திலிருந்து நாலு டிப்ஸ் கொடுங்கள் சார்' என்று கேட்டிருந்தார்.

நாலு டிப்ஸா? என் வலைப்பூவுக்கு இதுவரை வந்த மொத்த விளம்பரமே ஒன்றுதான்.

ஆனால் அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் நான் எழுதிய ஒரு பொய்யையும் சொல்ல வேண்டிவரும். பரவாயில்லை... நம் ஆட்கள்தானே நீங்கள்.

என் வலைப்பூவைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை — தினமும் காலையில் கொடைக்கானல் எப்படி இருக்கிறது என்று எழுதுவேன். அவ்வளவுதான். விடிந்ததும் கோக்கர்ஸ் வாக் வரை நடப்பேன். கீழே சமவெளி தெரிகிறதா, பாதி தெரிகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா என்று பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே, வழியில் மரம் கிரம் விழுந்திருக்கிறதா என்று டிரைவர்களிடம் விசாரிப்பேன். ஒன்பது மணிக்கு பிரவுசிங் சென்டர் திறந்ததும், கரண்ட் இருந்தால், நாலு வரி. மதுரையிலும் சென்னையிலும் பெட்டி கட்டிவைத்து உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அப்படி நூறு பேர் பார்த்துவிட்டால் அன்றைக்கு என் நடையே மாறிவிடும்.

இந்தக் கோடையில், அந்தப் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு சதுரக் கட்டம் போட்டேன். 'இந்த இடம் விளம்பரத்துக்கு.' பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஏழு ரோடு சந்திப்பில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சாக்லேட் கடைக்காரர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருக்கிறதே, அதில் பெரிதாகப் போட முடியுமா என்றார். தைலக் கடைக்காரர், காலண்டர் அடித்துக் கொடுத்தால் வருஷம் பூரா சுவரில் தொங்கும், இது எங்கே தொங்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நாலு மாதம் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. என் மனைவி அதற்கு 'டப்பா' என்று பெயர் வைத்தாள். 'இன்னைக்காவது டப்பாவுக்கு ஆள் வந்துச்சா?' என்று தினமும் கேட்பாள். பதில் அவளுக்கே தெரியும்.

வந்தவர் ஜெயமணி.

பக்கத்துப் பேத்துப்பாறைக்காரர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பட்டர் ஃப்ரூட் விற்பவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். டீயை இன்றைக்கும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். கணவர் சந்திரனுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் திருப்பூர் சாயப்பட்டறையில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் இருப்பார், போய்விடுவார். வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டியிருந்தார்கள், டூரிஸ்ட்டுக்கு விட. செப்டம்பர், அக்டோபர் ரெண்டாம் சீசனில் ஆள் வந்தால் சந்திரன் ஊரோடு இருந்துவிடுவது. வராவிட்டால் தீபாவளி முடிந்ததும் பழையபடி திருப்பூர் பஸ். இப்படி ஒரு பேச்சு அவர்களுக்குள்.

என் டப்பா புராணத்தைச் சந்தையில் ஒருநாள் அவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. தராசைக் கீழே வைத்துவிட்டு, அதை எனக்குக் கொடுங்கள், காசு தருகிறேன் என்றார். மறுநாளே பிரவுசிங் சென்டருக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'பேத்துப்பாறையில் குடும்பத்தோடு தங்க இரண்டு அறைகள். வீட்டுச் சாப்பாடு. தொடர்புக்கு: ஜெயமணி.' கீழே ஃபோன் நம்பர். திரையில் தன் பெயரை விரலால் தொட்டார். அழிந்துவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ, உடனே கையை எடுத்துக்கொண்டார்.

அந்த நிமிஷத்திலிருந்தே எனக்கு அந்தக் கட்டத்தின் மேல் ஒரு தனிப் பிரியம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம். சந்திரன் லீவில் வந்திருந்தார். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறது என்று சந்தையில் ஜெயமணி சொன்னார். 'அவரு இருக்கையில ரூமுல ஆளு இருந்தா நல்லாருக்கும்ல சார்...' என்று இழுத்துவிட்டுச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே ஊற்றிக்கொண்டிருந்தது. சமவெளியாவது ஒன்றாவது, கோக்கர்ஸ் வாக்கின் கைப்பிடிக் கம்பிகூடத் தெரியவில்லை. வழக்கம்போல அடித்தேன்: 'கனமழை. இரண்டு நாளைக்கு வர வேண்டாம்.' அடித்துவிட்டு வலது ஓரத்தைப் பார்த்தேன். 'தொடர்புக்கு: ஜெயமணி.' அவர் வாருங்கள் என்று கூப்பிட, பக்கத்திலேயே நின்று நான் வராதீர்கள் என்பதா?

அழித்தேன். 'லேசான மூடுபனி. தாராளமாக வரலாம்' என்று அடித்தேன். நாலு பேருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சூடாக உப்புமா சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை பிரவுசிங் சென்டர் வாசலில் ஜெயமணி நின்றார். தலையில் பிளாஸ்டிக் ஷீட். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பாருங்கள் என் நினைப்பை!

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை அந்த மதுரைக்காரர் கிளம்பும் முன் ஃபோன் செய்திருக்கிறார். இங்கே கொட்டுகிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று ஜெயமணி உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. லேசான மூடுபனி என்று வலைப்பூவில் போட்டிருக்கிறதே, அறையை வேறு யாருக்கோ கூடுதல் வாடகைக்கு விடப் பார்க்கிறீர்களா என்று சத்தம் போட்டிருக்கிறார். மனைவி, மாமியாரோடு கிளம்பியும் வந்துவிட்டார். குடை இல்லை, ஸ்வெட்டர் இல்லை. ரோட்டிலிருந்து வீடு சரிவில் இறங்கவேண்டும்; முழுக்கச் சேறு. மாமியார் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக அடி இல்லை. சந்திரன்தான் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினாராம்.

உங்களை நினைத்துத்தான் அப்படி எழுதினேன் என்றேன். ஜெயமணி ஷீட்டை மடித்தபடியே நின்றார்.

"டப்பாவுக்குத்தான சார் காசு குடுத்தேன்? அதுக்கு வெளியில எழுதுறதுக்கு ஒண்ணும் குடுக்கலியே."

மடித்த ஷீட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க சார். நீங்க எழுதுனா நம்புவாங்க. அதுக்குத்தான் உங்க பக்கத்துல எடம் கேட்டேன். நீங்களே மாத்தி எழுதுனா எனக்கு அங்க என்ன சோலி?"

குரலில் கோபம்கூட இல்லை. வெட்கமாக இருந்தது எனக்கு. இத்தனை வருஷம் எழுதி என்ன கிழித்தேன் என்று இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'செவ்வாய்க்கிழமை எழுதியது பொய். அன்று கனமழை. நம்பி வந்து நனைந்தவர்கள் மன்னிக்கவும்.' வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, டப்பாவில் இருப்பதையும் மாற்றச் சொன்னார். 'மழை பெய்கிறது. அடுப்பு எரிகிறது. கம்பளி உண்டு. சேற்றில் இறங்கத் தெம்பிருந்தால் வாங்க.' இப்படிப் போட்டால் எவன் வருவான் என்றேன். சேற்றை மறைத்தால் வந்தபிறகு தெரியாதா என்றார். சொன்னபடியே அடித்தேன்.

மதுரைக் குடும்பம் என்ன ஆனது? முதல் நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார்களாம். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இறங்க இறங்க முகமும் இறங்கியிருக்கிறது. சந்திரன் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, அவர்கள் துணியை எல்லாம் புரட்டிப் புரட்டிக் காயவைத்தாராம். திருப்பூரிலும் அவருக்கு அதே வேலைதான் — சாயம் ஏற்றிய துணியைக் காயப்போடுவது! கிளம்பும்போது அந்த மாமியார், டிசம்பர் லீவுக்கு மூத்த மகள் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சேற்று விளம்பரத்தைப் பார்த்தும் ஃபோன் வந்தது. எங்களூரில் மழை பார்க்கவே வருகிற ஜாதி ஒன்று இருக்கிறது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

கோயம்புத்தூர் நண்பரே, முகம் தெரியாத கம்பெனி விளம்பரம் கொடுத்தால் நேர்மையாக இருப்பது சுலபம். நேரடியாக விற்றால், கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். அங்கேதான் கை வழுக்கும். கட்டத்தை விற்றீர்களா, கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்காமலே மிச்சப் பக்கத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள்... வாங்கியவருக்கே அது நஷ்டம்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஜெயமணியிடமிருந்து ஃபோன். டப்பாவில் ஒரு பெயர் சேர்க்க வேண்டுமாம். சந்திரன் திருப்பூர் போகவில்லையா என்று கேட்டேன்.

"எங்குட்டுப் போறது? ரூமுல ஆளு இருக்கு, கொடியில ஈரத்துணி கெடக்கு. அவருக்கு இங்கயே சோலி சரியாருக்கு சார்."

ஃபோனை வைத்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. பிறகு போய் மாற்றினேன். 'தொடர்புக்கு: ஜெயமணி, சந்திரன்.' கட்டம் சின்னது. எழுத்தைப் பொடிசாக்கித்தான் இரண்டு பேரையும் உள்ளே உட்காரவைக்க முடிந்தது.

அதற்குப் பக்கத்திலேயே அன்றைய நிலவரம்: கொட்டுகிறது... குடையோடு வரவும்.